கப்பல் தெரியுது, கரைக்கு வரல: பழைய மதர்போர்டும் புது எஸ்எஸ்டியும்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம், சில இடங்கள்ல வரிசையை மாத்தியிருக்கோம்.)

ரொம்ப நாளா ஒரே கேள்வி வேற வேற ஆளுங்க கிட்ட இருந்து வந்துட்டே இருக்கு. "புது என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி, ஒரு அடாப்டர்ல சொருகி, பழைய டெஸ்க்டாப்புல மாட்டினேன். விண்டோஸ்ல டிரைவ் தெரியுது, காப்பி பண்ண முடியுது. ஆனா பயாஸுக்குள்ள போனா அப்படி ஒண்ணு இருக்கிறதாவே காட்டல. பூட் ஆக மாட்டேங்குது. எஸ்எஸ்டி டூப்ளிகேட்டா?"

டூப்ளிகேட் இல்ல. மதர்போர்டும் கெடல. இதே பிரச்னை எங்க வீட்டுலயே ஒரு தடவை வந்துச்சு, அதனால அந்தக் கதையை வச்சே சொல்லிடறேன்.

என் சித்தப்பாவுக்குத் தூத்துக்குடியில பீச் ரோடு பக்கம் ஒரு சின்ன ஆபீஸ். ஏற்றுமதி இறக்குமதிக்கான பேப்பர் வேலை. கப்பல்ல சரக்கு போறதுக்கு முன்னாடி எத்தனை டாக்குமென்ட் போகணும்னு அந்த ஆபீஸ்ல ஒரு மணி நேரம் உக்காந்தா தெரிஞ்சிடும். அங்க ஒரு பழைய டெஸ்க்டாப்: எச்61 சிப்செட் போர்டு, 3-ஆம் தலைமுறை ஐ3, ஒரு ஹார்ட் டிஸ்க். காலையில ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். 2024 ஆகஸ்ட்ல, பனிமய மாதா திருவிழாவுக்கு நான் ஊருக்குப் போனப்ப, சித்தப்பா ஒரு டப்பாவை நீட்டினார். ஆன்லைன்ல தள்ளுபடியில வாங்கின 500 ஜிபி என்விஎம்இ. "எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னாங்க. போட்டுக் குடுடா." ரிட்டர்ன் பண்ற தேதியும் தாண்டியாச்சு.

அடாப்டர் வாங்கி மாட்டினேன். பயாஸ்ல இல்ல. விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற பென் டிரைவ்ல பூட் பண்ணா, அங்க டிரைவ் தெரியுது. ஆனா இந்த டிஸ்க்ல இருந்து பூட் பண்ண உங்க ஹார்ட்வேர் ஒத்துக்காம போகலாம்னு ஒரு எச்சரிக்கை வருது. கண்ணுக்குத் தெரியுது, கைக்கு எட்டல.

தூத்துக்குடிக்காரங்களுக்கு இது புது அனுபவம் இல்ல. இப்ப இருக்கிற துறைமுகத்தைப் பெரிய துறைமுகம்னு அறிவிச்சது 1974 ஜூலை 11. அதுக்கு முன்னாடி, கரைக்குப் பக்கத்துல ஆழம் போதாததால பெரிய கப்பலெல்லாம் சில மைல் தள்ளிக் கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும். கரையில நின்னு பாத்தா கப்பல் நல்லாத் தெரியும். ஆனா சரக்கு தானா வராது. தோணி போய் ஏத்திக்கிட்டு வரணும். இந்தத் தோணியை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

இப்ப பவர் பட்டனை அமுக்கினதும் என்ன நடக்குதுன்னு பாப்போம். போர்டுல எட்டுக் கால் வச்ச ஒரு குட்டி சிப் இருக்கு. பயாஸ் இருக்கிறது அதுலதான். 2011-க்கு அப்புறம் வந்த போர்டுகள்ல பெரும்பாலும் அது யூஇஎஃப்ஐ வகை. பேச்சு வழக்குல பயாஸ்னே சொல்றோம், நானும் அப்படியே சொல்றேன். யூஇஎஃப்ஐ உள்ள ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம் மாதிரி. ஒரு கட்டத்துல வரிசையா டிரைவர்களை ஏத்தும்: கீபோர்டுக்கு ஒண்ணு, யூஎஸ்பிக்கு ஒண்ணு, சாட்டா டிஸ்குக்கு ஒண்ணு, பார்ட்டிஷனைப் படிக்க ஒண்ணு. இந்தக் கட்டத்துக்குப் பேரு டிஎக்ஸ்இ.

பிசிஐ எக்ஸ்பிரஸ்ல மாட்டின ஒவ்வொரு சாதனமும் தான் யாருன்னு ஒரு எண்ணைச் சொல்லும். சாட்டா கண்ட்ரோலர்னா 01-06-01. என்விஎம்இன்னா 01-08-02. பயாஸ் அந்த எண்ணைக் காட்டி டிரைவர்களைக் கேட்கும்: "இது யாரோடது?" சாட்டா டிரைவர் தன்னோடதை எடுத்துக்கும். 01-08-02-க்கு யாருமே கை தூக்கலைன்னா, அந்த சாதனத்தை அப்படியே விட்டுட்டுப் போயிடும். பயாஸைப் பொறுத்தவரை அது டிஸ்க்கே கிடையாது. விண்டோஸ்ல ஏன் தெரியுதுன்னா, விண்டோஸ் தனக்குன்னு சொந்தமா ஒரு என்விஎம்இ டிரைவர் வச்சிருக்கு. 8.1 காலத்துல இருந்தே இருக்கு.

அந்த போர்டு மேல கோபப்படவும் முடியாது. என்விஎம்இ விதிமுறையோட முதல் பதிப்பு வந்தது 2011 மார்ச். எச்61 சிப்செட்டும் 2011-தான். அந்த பயாஸை எழுதினவங்க வாழ்நாள்ல ஒரு என்விஎம்இ டிரைவைத் தொட்டிருக்க வாய்ப்பே இல்ல. 2014-ல வந்த எச்97, இசட்97 போர்டுகள்ல பலதுக்கு கம்பெனியே பயாஸ் அப்டேட்ல இந்த டிரைவரைக் குடுத்துச்சு. 2015-ல வந்த 100 வரிசைக்கு அப்புறம் இது பிரச்னையே இல்ல. அதனால உங்க போர்டு 2014-ஐ ஒட்டினதா இருந்தா, எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி கம்பெனி தளத்துல கடைசி பயாஸ் அப்டேட்டைப் பாருங்க. பாதிப் பேருக்கு வேலை அங்கயே முடிஞ்சிடும்.

சின்னதா ஒரு வரலாறு. பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மூலையில ஏஎம்ஐன்னு ஒரு முத்திரை பாத்திருப்பீங்க. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985-ல அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல சுப்ரமோனியன் சங்கர், பாட் சர்மான்னு ரெண்டு பேர் தொடங்கின கம்பெனி. அவங்களோட யூஇஎஃப்ஐக்குப் பேரு ஆப்டியோ. அவங்களுக்குச் சென்னையில ரொம்ப நாளாவே ஒரு கிளை இருக்கு. சித்தப்பா போர்டுல இருந்ததும் ஏஎம்ஐதான். தூத்துக்குடியில உக்காந்து நாங்க திறக்கப்போற பெட்டியைச் செய்ற கம்பெனிக்குச் சென்னையிலயும் ஆள் இருக்குங்கிறது எனக்கு ஒரு மாதிரி சந்தோஷம். சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு வழி இருக்கு. முதல் வழிதான் தோணி. க்ளோவர்னு ஒரு இலவச பூட்லோடர். அதை ஒரு சின்ன பென் டிரைவ்ல போட்டு, அதோட டிரைவர் ஃபோல்டர்ல என்விஎம்இ டிரைவர் ஃபைலை வைக்கணும். பயாஸுக்கு பென் டிரைவைப் படிக்கத் தெரியும். அதுல இருந்து க்ளோவர் ஓடும். க்ளோவர் அந்த டிரைவரை ஏத்தும். இப்ப எஸ்எஸ்டி தெரியும், அதுல இருந்து விண்டோஸ் பூட் ஆகும். போர்டுல ஒரு பிட் கூட மாறல. பென் டிரைவ் எப்பவும் பின்னாடி சொருகியே இருக்கணும், அவ்வளவுதான். யூஇஎஃப்ஐ இல்லாத ரொம்பப் பழைய போர்டுகளுக்கும் இது ஒத்துவரும். அந்த மாதிரி போர்டுக்கு ரெண்டாவது வழியே கிடையாது.

லினக்ஸ் பயன்படுத்துறவங்களுக்கு க்ளோவர் கூட வேண்டாம். பூட் பகுதியை மட்டும் ஒரு சாட்டா டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ வச்சிட்டு மத்ததெல்லாம் என்விஎம்இல வச்சா போதும். கர்னல் ஏறினதும் அதுவே தன் டிரைவரைப் பிடிச்சுக்கும். விண்டோஸ்ல இந்த வித்தை பலிக்காது. அதோட பூட் மேனேஜர் சி டிரைவ்ல இருக்கிற கர்னலைப் படிக்கவே பயாஸைத்தான் கேட்கும். பயாஸ் கையை விரிச்சிடும்.

நேர்மையா சொல்லணும்னா, நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு க்ளோவரே போதும். இன்னும் வாங்காதவங்களுக்கு ஒரு சாதா சாட்டா எஸ்எஸ்டியே போதும். எச்61-ல சாட்டா வேகம் 3 ஜிகாபிட்தான், அதாவது நொடிக்கு 300 மெகாபைட்டுக்குள்ள. இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்ல இருந்து அதுக்கு மாறினாலே ஆபீஸ் வேலைக்கு வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். சித்தப்பாவுக்கு நான் முதல்ல க்ளோவர்தான் போட்டுக் குடுத்தேன். ரெண்டே நாள். ஆபீஸ் பையன் எதையோ காப்பி பண்ண அந்த பென் டிரைவைப் பிடுங்கிட்டுப் போயிட்டான். மறுநாள் காலையில கருப்புத் திரை. கப்பல் வந்து நிக்குற நேரம், இங்க பேப்பர் போகல. சித்தப்பா என்னைப் பாத்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

அப்பதான் ரெண்டாவது வழி: அந்த டிரைவரை பயாஸ் சிப்புக்குள்ளயே வைக்கிறது. தோணி வேண்டாம், துறைமுகத்தையே கட்டிடலாம்.

சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு சர்வீஸ் கடை அண்ணாச்சிகிட்ட போர்டைக் கொண்டு போனோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" பயாஸ்தானேன்னேன். சிரிச்சார்.

அந்த சிப்புல பயாஸ் மட்டும் இல்ல. இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜினுக்கு ஒரு பகுதி. போர்டோட சீரியல் நம்பர். பல போர்டுகள்ல நெட்வொர்க் கார்டோட மேக் முகவரியும் அங்கதான். சித்தப்பா ஆபீஸ்ல ஓடுற டாக்குமென்ட் சாஃப்ட்வேரோட லைசென்ஸ் கட்டியிருக்கிறதே அந்த மேக் முகவரியோட. கம்பெனி தளத்துல இருந்து பயாஸ் ஃபைலை இறக்கி அப்படியே சிப் முழுக்க எழுதியிருந்தா, கம்ப்யூட்டர் ஒருவேளை ஓடியிருக்கும். சாஃப்ட்வேர் ஓடியிருக்காது. அதனால இறக்கின ஃபைலைத் தொடவே கூடாது. இந்த சிப்புல இருக்கிறதை முழுசா படிச்சு, அந்தப் பிரதியிலதான் கை வைக்கணும்.

படிக்கிறதுக்கு சிஎச்341ஏன்னு ஒரு யூஎஸ்பி ப்ரோகிராமர் போதும். விலை சில நூறு ரூபாய். எங்க நல்ல நேரம், அந்த போர்டுல சிப் சாக்கெட்ல உக்காந்திருந்துச்சு. கழட்டி நேரா ப்ரோகிராமர்ல வைக்கலாம். போர்டோட பத்த வச்ச சிப்னா ஒரு கிளிப் போடணும், அது எப்பவுமே தகராறு. ஒரு எச்சரிக்கை: கருப்பு நிறத்துல வர்ற சிஎச்341ஏ பலதுல, சிப்புக்குப் போற பவர் 3.3 வோல்ட்டா இருந்தாலும் டேட்டா கால்கள்ல 5 வோல்ட் வரும். பெரும்பாலான சிப் தாங்கிக்கும், எல்லாமே தாங்காது. சில லேப்டாப்புகள்ல இருக்கிற 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் இல்லாம கை வைக்கவே கூடாது.

படிச்சோம். 4 மெகாபைட் ஃபைல் வந்துச்சு. நான் எடிட் பண்ணத் தயாராயிட்டேன். அண்ணாச்சி கையைப் பிடிச்சார். "அவசரப்படாதீய. இன்னொரு வாட்டி படிப்போம். ரெண்டும் ஒண்ணு போல இருந்தாத்தான் நம்பணும்."

ரெண்டாவது தடவை படிச்சோம். செக்சம் வேற. மூணாவது தடவை, அதுவும் வேற.

நான் கையில வச்சிருந்த பேக்கப் குப்பைன்னு அப்பதான் புரிஞ்சது. அதுல டிரைவரைச் சேர்த்து எழுதியிருந்தா போர்டு எழுந்திருக்காது. எழுந்திருக்கலைன்னா திரும்பி வர்றதுக்கு ஒழுங்கான பிரதியும் இருந்திருக்காது. மேக் முகவரி, சீரியல் நம்பர் எல்லாம் போயிருக்கும்.

அண்ணாச்சி சிப்பை எடுத்து விளக்குக்கு நேரா பிடிச்சார். ரெண்டு கால்ல லேசா பச்சை. உப்புக் காத்து. இந்த ஊர்ல ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காத்துல இருக்கிற உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பு, வெள்ளீயம்னு பாக்காம எல்லாத்தையும் அரிக்கும். ஜன்னலோரம் பத்து வருஷம் இருந்த மெஷின், சாக்கெட்ல சும்மா அழுந்தி நிக்கிற சிப். ஓடிக்கிட்டு இருந்த வரைக்கும் தெரியல. கழட்டினதும் அந்தத் தொடுப்பு கெட்டுப்போச்சு. பென்சில் ரப்பரால கால்களை மெதுவா தேய்ச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சு, காய விட்டு, திரும்பப் படிச்சோம். மூணு தடவை. மூணும் ஒண்ணு. அதை ரெண்டு பென் டிரைவ்ல, என் மெயில்லன்னு மூணு இடத்துல போட்டு வச்ச பிறகுதான் அண்ணாச்சி அடுத்த வேலைக்கே விட்டார். "எழுதுதது ஈஸி தம்பி. திரும்பி வாரதுதான் பாடு."

எடிட் பண்ற வேலை, உண்மையிலேயே, பத்து நிமிஷம். யூஇஎஃப்ஐ டூல்னு ஒரு இலவச மென்பொருள். ஏஎம்ஐ பயாஸுக்கு எம்எம்டூலும் பயன்படுத்துவாங்க. ஃபைலைத் திறந்தா உள்ள மரம் மாதிரி விரியும். டிஎக்ஸ்இ டிரைவர்கள் இருக்கிற பகுதியைக் கண்டுபிடிச்சு, கடைசி டிரைவருக்குக் கீழ என்விஎம்இ டிரைவரைச் செருகிச் சேமிக்கணும். அந்த டிரைவர் யாரோ ரகசியமா எழுதினது இல்ல. டியானோகோர்ங்கிற திறந்த மூல யூஇஎஃப்ஐ திட்டத்துல அதோட மூலநிரல் எல்லாருக்கும் கிடைக்கும். ஒரு வாட்ஸ்அப் போட்டோவை விடச் சின்னது.

ஆனா 4 மெகாபைட் சிப்புல அந்தச் சின்னதுக்கும் இடம் இருக்கணும். எங்களுக்கு முதல்ல இடம் பத்தல. சுருக்கப்பட்ட சின்ன வடிவம் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டோம். இடம் இல்லைன்னு வேற எதையாவது தூக்கிட்டு வைக்கிற ஆளுங்க உண்டு. எதைத் தூக்குறோம்னு உறுதியா தெரியாம அதைச் செய்யாதீங்க. சேமிச்ச ஃபைலைத் திரும்பத் திறந்து, பழையதோட பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். நடுவுல இடம் நிரப்ப வச்சிருக்கிற பேட் ஃபைல்களை இந்த டூல்களோட சில பதிப்புகள் சத்தமில்லாம நகர்த்திடும், இல்ல தூக்கிடும். அந்த ஃபைலை எழுதினா போர்டு செத்த மாதிரி கிடக்கும். ஒரு டிரைவர் கூடியிருக்கணும், கடைசியில காலி இடம் அந்த அளவுக்குக் குறைஞ்சிருக்கணும். வேற எதுவும் அசைஞ்சிருக்கக் கூடாது.

அழி, எழுது, சரிபார். ப்ரோகிராமர் லேப்டாப் பேட்டரியில ஓடினதால கரண்ட் கவலை இல்ல. போர்டு வழியா எழுதுறவங்க யூபிஎஸ் இல்லாம தொடாதீங்க. அனல் மின் நிலையம் இருக்கிற ஊர்தான், இருந்தாலும் கரண்ட் போற நேரம் போகும்.

சிப்பை சாக்கெட்ல வச்சு ஆன் பண்ணோம். பூட் பட்டியல்ல புதுசா ஒரு பேர்: "பாட்டா எஸ்எஸ்". எஸ்எஸ்டியோட கம்பெனி பேரெல்லாம் இல்ல. இந்த மாதிரி சேர்த்த டிரைவர் ஏஎம்ஐ பயாஸ்ல அப்படித்தான் பேர் காட்டும், பயந்துடாதீங்க. மத்த டிஸ்க்கைக் கழட்டிட்டு, யூஇஎஃப்ஐ முறையில பூட் பண்ணி, விண்டோஸ் 10 போட்டோம். அதுக்கப்புறம் பட்டியல்ல விண்டோஸ் பூட் மேனேஜர்னு வந்துச்சு. படிக்கிற வேகம் நொடிக்கு 1,600 மெகாபைட்டை ஒட்டி. புது போர்டுல அதே டிரைவ் இதைப்போல ரெண்டு மடங்கு போகும். இங்க ஐ3-யோட ஸ்லாட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0-தான், நாலு லேன் சேர்ந்தாலும் உச்சவரம்பே 2,000. சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். டீ ஆறுறதுக்கு முன்னாடி டெஸ்க்டாப் வந்துடுச்சு.

இதுல எனக்கு இன்னும் உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா தப்பு. 2018 செப்டம்பர்ல ஈசெட் நிறுவனம் லோஜாக்ஸ்னு ஒரு மால்வேரைப் பத்தி வெளியிட்டாங்க. நிஜத் தாக்குதல்ல பிடிபட்ட முதல் யூஇஎஃப்ஐ ரூட்கிட். அது செஞ்சது என்ன தெரியுமா? சிப்புல இருக்கிற பயாஸைப் படிச்சு, ஒரு டிஎக்ஸ்இ டிரைவரைச் செருகி, திரும்ப எழுதிச்சு. நாங்க அண்ணாச்சி கடையில செஞ்ச அதே வேலை, அதே கதவு. விண்டோஸை அழிச்சுப் போட்டாலும், டிஸ்க்கையே மாத்தினாலும் அது போகாது, ஏன்னா அது இருக்கிறது டிஸ்க்ல இல்ல.

அதனால "உங்க மாடலுக்கு ரெடியா மாத்தின பயாஸ்"னு முகம் தெரியாத யாரோ போட்டு வச்ச ஃபைலை எழுதவே எழுதாதீங்க. அதுக்குள்ள என்விஎம்இ டிரைவர் மட்டும்தான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா அந்த மெஷின்ல டிஜிட்டல் கையெழுத்து போட்டு கஸ்டம்ஸுக்கு டாக்குமென்ட் அனுப்புறவர். அவர் கையெழுத்துக்குக் கீழ யாரோ ஒருத்தர் உக்காந்திருந்தா என்ன ஆகும்? உங்க சிப், உங்க பிரதி, மூலம் தெரிஞ்ச டிரைவர். இது மூணும் இல்லைன்னா க்ளோவரோட நிறுத்திக்குங்க.

இந்தக் கதவைப் பூட்டத்தான் பின்னாடி வந்த மெஷின்கள்ல தடைகள் வந்துச்சு. 4-ஆம் தலைமுறைக்கு அப்புறம் சில மெஷின்கள்ல, குறிப்பா பிராண்டட் டெஸ்க்டாப், லேப்டாப்ல, பூட் கார்டுன்னு ஒண்ணு இருக்கும். பயாஸ்ல அது பாதுகாக்குற பகுதி கம்பெனி கையெழுத்து போட்ட மாதிரியே இருக்கான்னு ப்ராசஸர் சரிபார்க்கும். அந்தச் சாவி ஃபேக்டரியிலயே சிப்செட்ல எரிக்கப்பட்டது. அங்க மாத்தி எழுதினா ஆன் ஆகாமலே போகலாம். எரிச்சலா இருக்கும், ஆனா லோஜாக்ஸைப் படிச்ச பிறகு என்னால அவங்களைத் திட்டவும் முடியல.

அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சது. விண்டோஸ் 11 பொதுவா 8-ஆம் தலைமுறை ப்ராசஸருக்குக் கீழ ஏத்துக்காது, டிபிஎம் 2.0-ம் கேக்கும். இதுக்கு பயாஸ்ல எந்த டிரைவரைச் செருகினாலும் தீர்வு இல்ல. கையெழுத்து போடுற வேலை, ஐஸ்கேட் வேலையெல்லாம் சித்தப்பா ஒரு புது லேப்டாப்புக்கு மாத்திட்டார். பழைய மெஷின்ல நெட் கேபிளைக் கழட்டியாச்சு. லைசென்ஸ் மேக் முகவரியோட கட்டின அந்த டாக்குமென்ட் சாஃப்ட்வேர் மட்டும் அதுல ஓடுது. பேக்கப் இருக்கிற பென் டிரைவ்ல ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "பிடுங்காதே"ன்னு எழுதி பீரோவுல வச்சிருக்கார். அந்தப் பையன் அதைப் பாத்து சிரிக்கிறானாம்.

உங்க போர்டு மாடல் எது, அதுல சிப் சாக்கெட்லயா இல்ல பத்த வச்சிருக்கான்னு எழுதி அனுப்புங்க. கேள்வி நிறைய வந்தா, கிளிப் போட்டுப் படிக்கிறதுக்குன்னே தனியா ஒரு எபிசோட் பண்ணுவோம்.